அடுத்த வீட்டு உறைமோர்: ஸ்டெம் செல்கள் நாடு விட்டு நாடு போன கதை

வீட்டில் உறைக்குக்கூடத் தயிர் இல்லாமல் போகும் நாளில் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். ஒரு கரண்டி போதும். காய்ச்சி ஆறவைத்த பாலில் கலந்து மூடி வைத்தால் மறுநாள் காலையிலிருந்து அது நம் வீட்டுத் தயிர், அதிலிருந்து அடுத்த நாளுக்கு, அதிலிருந்து அதற்கும் அடுத்த நாளுக்கு என்று ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு மாதம் கழித்து இரண்டு வீட்டுத் தயிரையும் பக்கத்தில் வைத்து ருசித்துப் பாருங்கள். ஒன்று புளிக்கும், இன்னொன்று கட்டியாக வெட்டி எடுக்கும்படி இருக்கும். பால் வேறு, பாத்திரம் வேறு, அடுப்படியின் சூடு வேறு, கலக்கிய கை வேறு. உறை மட்டும்தான் ஒன்று.

மனிதக் கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்கள் உலகம் முழுக்கப் பரவியதும் ஏறக்குறைய இப்படித்தான். சர்வதேச அறிவியல் ஒத்துழைப்பு என்று செய்தியில் படித்தால் மாநாடு, கைகுலுக்கல், ஒப்பந்தத்தில் கையெழுத்து என்றுதான் மனதில் ஓடுகிறது. ஸ்டெம் செல் துறையில் ஒத்துழைப்புக்கு இரண்டு வேலை. ஒரு சின்னக் குப்பியில் உறைந்து கிடக்கும் செல்கள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும். அப்புறம், போன இடத்தில் அவை இன்னும் அவையாகவே இருக்கின்றனவா என்று எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதல் வேலையைச் செய்தவர்களுக்குப் பேர் கிடைத்தது, ஆனால் இந்தத் துறையைத் தாங்கி நிறுத்தியது இரண்டாவது வேலைதான் என்பது என் திடமான எண்ணம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சினைமுட்டையும் விந்தணுவும் சேர்ந்து 5 நாள் ஆன கரு, குண்டூசித் தலையைவிடச் சின்ன ஒரு பந்து. உள்ளே நீர், ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் செல்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். இதயம், மூளை, எலும்பு, தோல் எல்லாமே அந்தக் கொத்திலிருந்துதான் பிற்பாடு வரப்போகிறது. கருப்பைக்குள் இருந்தால் எதுவாகவும் ஆகக்கூடிய இந்த நிலை சில நாளில் முடிந்துவிடும், ஒவ்வொரு செல்லும் தன் தன் வேலைக்குப் போய்விடும். அந்தக் கொத்தைப் பிரித்தெடுத்து, சரியான ஊட்டத்தோடு தட்டில் வைத்தால் அதே நிலையில் வருடக்கணக்கில் பெருக வைக்கலாம். அதுதான் கரு ஸ்டெம் செல், தமிழில் குருத்தணு என்றும் சொல்கிறோம், எனக்குப் பிடித்த சொல். ஒரே கருவிலிருந்து வந்த ஒரு வம்சத்துக்கு 'செல் லைன்' என்று பெயர். எலியில் இதை 1981-லேயே செய்துவிட்டார்கள்: கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்ஸும் மேத்யூ காஃப்மனும், அதே வருடம் சான் பிரான்சிஸ்கோவில் கெய்ல் மார்ட்டின் தனியாகவும். மனிதச் செல்லுக்கு இன்னும் 17 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

1998 நவம்பர் 6 அன்று 'சயின்ஸ்' இதழில் வந்த அந்தக் கட்டுரை மூன்றே பக்கம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் தாம்சனின் சாதனை என்றுதான் எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள், அது சரிதான், ஆனால் ஆசிரியர் பட்டியலில் இரண்டாவது பெயரைப் பாருங்கள்: ஜோசப் இட்ஸ்கோவிட்ஸ்-எல்டோர், இஸ்ரேலின் ஹைஃபா நகரத்து ராம்பாம் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவர். தாம்சன் அடிப்படையில் கால்நடை மருத்துவம் படித்தவர், 1995-ல் குரங்கின் கருவிலிருந்து ஸ்டெம் செல் லைன் உருவாக்கிக் காட்டியிருந்தார். கைப்பக்குவம் அவரிடம் இருந்தது, மனிதக் கரு இல்லை. இட்ஸ்கோவிட்ஸ்-எல்டோரிடம் சோதனைக்குழாய் குழந்தைச் சிகிச்சைக்கு வந்த தம்பதிகள் தங்களுக்கு இனித் தேவையில்லை என்று ஆராய்ச்சிக்குக் கொடுத்த கருக்கள் இருந்தன. விஸ்கான்சினிலும் சில தம்பதிகள் கொடுத்தார்கள். மொத்தம் 36 கருக்கள். அதில் 20 ஐந்தாம் நாள் நிலைக்கு வளர்ந்தன, 14-லிருந்து உள்கொத்தைப் பிரிக்க முடிந்தது, கடைசியில் தங்கியது 5 லைன்கள். எச்1, எச்7, எச்9, எச்13, எச்14. இவற்றில் எச்9 என்ற பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

இதற்கு அமெரிக்க அரசு ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. கருவை அழிக்கும் ஆராய்ச்சிக்கு மத்திய அரசுப் பணம் போகக்கூடாது என்று 1996-லிருந்தே அங்கே சட்டத்தடை. ஜெரான் என்ற கம்பெனி பணம் கொடுத்தது, தாம்சன் அரசுப் பணத்தில் வாங்கிய ஒரு பொருள்கூட இல்லாத தனி ஆய்வகம் அமைத்து அங்கே வேலை பார்த்தார்.

கைப்பக்குவம் என்று சொன்னேனே, அது என்ன என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். அந்தக் காலத்து முறையில், தட்டின் அடியில் எலிக்கருவிலிருந்து எடுத்த ஊட்டச் செல்கள் மேற்கொண்டு பெருகாதபடி அடக்கப்பட்டு நீளநீளமாகப் பாய்போல விரிந்திருக்கும். அதன்மேல் ஸ்டெம் செல்கள் தட்டையான தீவுகளாக நிற்கும், ஒவ்வொரு தீவுக்கும் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக இருக்கும். ஓரம் கலைந்து, செல்கள் பெருத்து, வெளியே படர ஆரம்பித்தால் அந்தப் பகுதி வேறு எதுவாகவோ மாறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே கெட்ட பகுதியை ஒதுக்கி, நல்ல பகுதியை மெல்லிய கண்ணாடிக் குழாயின் முனையால் கீறித் துண்டாக்கி, அடுத்த தட்டுக்கு மாற்ற வேண்டும். ஒற்றை ஒற்றைச் செல்லாகப் பிரித்தால் பெரும்பாலும் செத்துப்போகும், துண்டு பெரிதானால் நடுவில் மாறிவிடும். ஊட்டத் திரவத்தைத் தினமும் மாற்ற வேண்டும், ஞாயிறோ பண்டிகையோ செல்லுக்குத் தெரியாது. இதையெல்லாம் கட்டுரை படித்துக் கற்றுக்கொள்ள முடியாது, பக்கத்தில் நின்று பார்த்தால்தான் கைக்கு வரும். அதனால்தான் ஹைஃபாவிலிருந்து மிஹால் அமித் என்ற ஆராய்ச்சியாளர் விஸ்கான்சினுக்குப் போய் வேலை பார்த்தார், 2000-ல் எச்9-இன் ஒற்றைச் செல்லிலிருந்து புதிய வம்சங்களை வளர்த்துக் காட்டிய கட்டுரை அவர் பெயரில் வந்தது, ஹைஃபாவில் இந்தத் துறை வேரூன்றியது. கருக்கள் மேற்கே போயின, கைப்பழக்கம் கிழக்கே திரும்பி வந்தது. செய்தி அறிக்கைகளில் இந்த இரண்டாவது பாதி விடுபட்டுப்போகிறது.

அந்த 1998 கட்டுரைக்கு நான்கு வருடம் முன்பே சிங்கப்பூரில் ஒரு மனிதர் இதன் வாசல்வரை வந்துவிட்டார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அரிஃப் போங்சோ. இலங்கையில் பிறந்து, அங்கேயே கால்நடை மருத்துவம் படித்து, கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, கடைசியில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் செயற்கைக் கருத்தரிப்புப் பிரிவுக்கு வந்தவர். அங்கே அவருடைய கவலை ஸ்டெம் செல் இல்லை, கரு இரண்டு மூன்று நாளுக்குமேல் தட்டில் தாக்குப்பிடிக்காமல் வாடிவிடுவதுதான். கரு இயல்பில் எங்கே வளர்கிறது? கருக்குழாயில். அப்படியானால் கருக்குழாயின் செல்களையே தட்டில் வளர்த்து அதன்மேல் கருவை வைத்தால் என்ன என்று யோசித்தார், வைத்தார், கருக்கள் ஐந்தாம் நாள்வரை திடமாக வளர்ந்தன. அப்படி வளர்ந்த கருக்களின் உள்கொத்தைப் பிரித்து வளர்த்த செய்தியை 1994-ல் வெளியிட்டார். செல்கள் இரண்டு முறை தட்டு மாற்றும்வரை நின்றன, அதற்குமேல் மாறிவிட்டன. நிலையான லைன் கிடைக்கவில்லை. ஆனால் மனிதக் கருவின் உள்கொத்தைப் பிரித்தெடுத்து வெளியே வாழவைக்க முடியும் என்று காட்டியது அந்த வேலைதான்.

2000-ல் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் போங்சோவின் பெயர் மறுபடி வருகிறது, இந்த முறை நாலு பேரோடு. ஜெருசலேமின் ஹடாசா மருத்துவமனையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போயிருந்த பெஞ்சமின் ரூபினாஃப், மெல்பர்ன் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் பெராவும் ஆலன் டிரவுன்சனும், சிங்கப்பூரில் போங்சோவும் அவருடைய சக ஆய்வாளரும். ஐந்து பேர், மூன்று நாட்டுத் தொடர்பு, இரண்டு செல் லைன்கள். இவர்கள் ஏன் இப்படிச் சேர்ந்தார்கள்? மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் கருவை அழிக்கும் ஆராய்ச்சிக்கு 1995-ஆம் வருடச் சட்டப்படி தடை இருந்தது. சிங்கப்பூரில் அப்படித் தடை இல்லை. ஆகவே கருவைத் தொடும் வேலை சிங்கப்பூரில் நடந்தது, அங்கே உருவான செல்கள் விமானமேறி மெல்பர்னுக்குப் போயின, அவற்றிலிருந்து நரம்புச் செல் வரவைக்கும் வேலை அங்கே நடந்தது. இது சரியா? சட்டத்தின் எழுத்தை மீறவில்லை. ஆனால் ஒரு சமூகம் தனக்கு வேண்டாம் என்று முடிவு செய்த காரியத்தைப் பக்கத்து ஊரில் செய்யவைத்து அதன் பலனை மட்டும் வாங்கிக்கொள்வது நேர்மையா என்ற கேள்வி அப்போதே எழுந்தது, எனக்கும் அந்தக் கேள்வி லேசில் தள்ளிவிடக்கூடியதாகப் படவில்லை. கருவை உயிராகப் பார்ப்பவர்களின் சங்கடம் பொய்யானதில்லை. அதற்காக முதுகுத்தண்டு அடிபட்டுக் கிடப்பவரின் காத்திருப்பும் பொய்யாகிவிடாது.

சட்டங்கள் இந்தத் துறையின் வரைபடத்தையே வரைந்தன. 2001 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் தொலைக்காட்சியில் வந்து, அந்த நாள் இரவு 9 மணிக்கு முன்பு உருவான செல் லைன்களுக்கு மட்டும் மத்திய அரசுப் பணம் உண்டு, அதற்குப்பின் வருபவற்றுக்குக் கிடையாது என்று அறிவித்தார். அந்த மாதக் கடைசியில் வெளியான பட்டியலில் 64 லைன்கள், உலகம் முழுக்கப் பத்து இடங்களில். ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் மட்டும் 19. மெல்பர்னில் 6, இஸ்ரேலின் டெக்னியானில் 4. இந்தியாவிலிருந்தும் 10 இருந்தன, மும்பையின் ரிலையன்ஸ் லைஃப் சயன்சஸில் 7, பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் 3. பட்டியலைப் பார்த்தால் ஏதோ உலகமே கைகோத்தது போலத் தெரியும். அப்புறம் அது 78 ஆக நீண்டது. நடைமுறையில் ஓர் ஆய்வாளர் கேட்டு வாங்கி வளர்க்க முடிந்தது 21 லைன்கள்தான். பல லைன்கள் உறைய வைத்த நிலையிலேயே இருந்தன, உருக்கினால் வளருமா என்றுகூட யாரும் பார்த்ததில்லை. சில வளர்க்கவே முடியாமல் போயின. வாங்க முடிந்தவற்றுக்கும் காப்புரிமை நிபந்தனைகள், கைமாற்று ஒப்பந்தம், விஸ்கான்சின் லைன் என்றால் ஆரம்பத்தில் 5,000 டாலர் கட்டணம். அமெரிக்க ஆய்வகங்களில் அரசுப் பணத்தில் வாங்கிய மைக்ரோஸ்கோப்புக்கு ஒரு ஸ்டிக்கர், தனியார் பணத்தில் வாங்கியதற்கு இன்னொரு ஸ்டிக்கர் என்று பிரித்து வைக்க வேண்டியிருந்தது, பட்டியலில் இல்லாத செல்லின் தட்டைத் தப்பான மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்துவிடக்கூடாது.

ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போனது. பான் நகரத்து ஆய்வாளர் ஆலிவர் புரூஸ்ட்லே ஹைஃபாவிலிருந்து செல் லைன் வரவழைக்க விண்ணப்பித்ததிலிருந்து கிளம்பிய விவாதம், 2002-ல் ஒரு சட்டத்தில் போய் நின்றது. சொந்த நாட்டில் கருவிலிருந்து செல் எடுக்கக்கூடாது, வெளிநாட்டில் 2002 ஜனவரி 1-க்கு முன் உருவானதை மட்டும் அனுமதி வாங்கி இறக்குமதி செய்யலாம். இதில் ஒத்துழைப்பைக் கழுத்தில் பிடித்தது ஒன்று உண்டு: ஒரு ஜெர்மானிய ஆய்வாளர் வேறு நாட்டு ஆய்வகத்தோடு சேர்ந்து புதிய லைன்களில் வேலை செய்தால் அவர்மேல் சொந்த ஊரில் குற்ற வழக்கு வரலாம் என்ற பயம். 2008-ல் திருத்தம் வந்து தேதியை 2007 மே 1-க்குத் தள்ளி, தண்டனையையும் உள்நாட்டு வேலைக்கு மட்டும் என்று சுருக்கிய பிறகுதான் அவர்கள் மூச்சுவிட்டார்கள்.

இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் சோல் நகரத்திலிருந்து ஹ்வாங் வூ-சுக் வந்தார். 2004-லும் 2005-லும் 'சயின்ஸ்' இதழில் இரண்டு கட்டுரைகள். நோயாளியின் தோல் செல்லின் உட்கருவை வேறொரு பெண்ணின் சினைமுட்டையில் வைத்து, அந்த நோயாளிக்கே பொருந்தும் 11 ஸ்டெம் செல் லைன்கள் செய்துவிட்டோம், அதுவும் 185 சினைமுட்டைகளில், என்று இரண்டாவது கட்டுரை சொன்னது. கொரியா அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. 2005 அக்டோபரில் சோலில் 'உலக ஸ்டெம் செல் மையம்' திறந்தார்கள், எந்த நாட்டு ஆய்வாளரும் நோயாளியின் செல்லை அனுப்பினால் லைன் செய்து தருவோம் என்றார்கள். ஒத்துழைப்பு என்ற சொல் இவ்வளவு பிரமாண்டமாக அதற்குமுன் மேடை ஏறியதில்லை. இரண்டு மாதத்தில் எல்லாம் சரிந்தது. 11 லைன்களில் ஒன்றுகூட உண்மை இல்லை. வாங்கிய சினைமுட்டைகள் 2,000-க்கும் மேல், அதில் சில அவருடைய சொந்த ஆய்வகத்தின் இளம் பெண்களிடமிருந்தே எடுக்கப்பட்டவை. சினைமுட்டை எடுக்க ஒரு பெண் நாள்கணக்கில் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், மயக்க மருந்து வேண்டும், சிலருக்கு வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் சேர வேண்டிவரும். அதையெல்லாம் தாங்கியவர்களுக்கு அவர் கொடுத்தது கம்ப்யூட்டரில் திருத்திய படங்கள்.

இதில் ஒத்துழைப்பு பற்றி ஒரு பாடம் இருக்கிறது. 2005 கட்டுரையின் 25 ஆசிரியர்களில் கடைசிப் பெயர், அதாவது பொறுப்பாளர் இடத்துப் பெயர், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து ஜெரால்ட் ஷாட்டனுடையது. அந்தச் செல்களை அவர் கையால் வளர்த்ததில்லை. கட்டுரையை எழுத உதவினார், உலக மேடைக்கு அறிமுகம் செய்தார். பிட்ஸ்பர்க் விசாரணைக் குழு அவரை மோசடிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது, ஆனால் பொறுப்பில்லாமல் நடந்துகொண்டார் என்று கண்டித்தது. இரண்டு நாட்டுப் பெயர் ஒரு கட்டுரையில் இருந்ததால், யாராவது ஒருவர் சரிபார்த்திருப்பார் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். உண்மையை வெளியே கொண்டுவந்தது கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சியின் புலனாய்வு நிகழ்ச்சியும், ஒரே படம் இரண்டு லைன்களுக்குப் போடப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்து இணையத்தில் போட்ட பெயர் தெரியாத கொரிய இளம் ஆய்வாளர்களும்தான். அவர்களை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது, ஒரு நாடே அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது அதைச் செய்தார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் அடுத்த வருடமே நடந்தது. 2006 ஆகஸ்டில் ஜப்பானின் கியோட்டோ நகரத்து ஷின்யா யமனாகாவும் கசுதோஷி தகஹாஷியும், எலியின் சாதாரணச் செல்லில் நான்கே மரபணுக்களைச் சேர்த்து அதைக் கரு ஸ்டெம் செல்லின் நிலைக்குத் திருப்பிவிட்டோம் என்றார்கள். கேட்டவுடன் நம்பமுடியாத விஷயம், அதுவும் ஹ்வாங் சூடு ஆறாத நேரம். ஆனால் செய்முறை அப்படியே வெளியில் இருந்தது, யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். 2007 ஜூனுக்குள் அமெரிக்காவின் வேறு குழுக்கள் செய்து பார்த்து, ஆமாம் நடக்கிறது என்று எழுதிவிட்டன. அந்த வருட நவம்பரில் மனிதச் செல்லிலும் நடந்தது, கியோட்டோவும் விஸ்கான்சினின் தாம்சன் குழுவும் ஒரே நாளில் வெளியிட்டார்கள். 2012-ல் யமனாகாவுக்கு ஜான் கர்டனோடு நோபல் பரிசு.

சரி, உறைமோருக்கு வருவோம். செல்கள் இத்தனை ஊருக்குப் போயாயிற்று, ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு ஊட்டம். எலிச் செல்மேல் வளர்த்த மனிதச் செல்லில் எலியின் பொருள் ஒட்டிக்கொள்ளுமோ என்ற கவலையில், சிங்கப்பூர்க் குழு 2002-லேயே மனித ஊட்டச் செல்களுக்கு மாறிக் காட்டியது. 2005-ல் சான் டியேகோவில் பார்த்தபோது, மனித உடல் தானாகச் செய்யவே முடியாத ஒரு வகைச் சர்க்கரை, விலங்கு ஊட்டத்தில் வளர்த்த ஸ்டெம் செல்களின் மேல் இருந்தது. அப்படியானால் சோலில் வளர்வதும் ஷெஃபீல்டில் வளர்வதும் ஒரே பொருளா? இவர் எச்9 என்று சொல்வதும் அவர் எச்9 என்று சொல்வதும் ஒன்றா?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்து பீட்டர் ஆண்ட்ரூஸ். 'சர்வதேச ஸ்டெம் செல் முன்முயற்சி' என்ற பெயரில் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்தன. யாரும் புதிய கண்டுபிடிப்பு செய்யப்போவதில்லை. எல்லோரும் ஒரே நடைமுறையில், ஒரே சோதனைப் பொருள்களை வைத்து, அவரவர் செல்லை அளந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எத்தனை சலிப்பான வேலை என்று யோசித்துப் பாருங்கள், அதுவும் ஒவ்வொருவரும் மற்றவருக்கு முன்னால் கட்டுரை போட ஓடிக்கொண்டிருந்த காலத்தில். 2007-ல் முடிவு வந்தது: 17 ஆய்வகங்கள், 59 லைன்கள். வெவ்வேறு முறையில், வெவ்வேறு மரபில் பிறந்த செல்களாக இருந்தாலும் எல்லாவற்றிலும் பொதுவாக ஒரு தொகுதி அடையாளங்கள் இருந்தன. இன்று ஓர் ஆய்வகம் இது ஸ்டெம் செல்தான் என்று காட்டப் பார்க்கும் அடையாளப் பட்டியல் உறுதிப்பட்டது அந்த வேலையில்தான்.

2011-ல் வந்த இரண்டாவது முடிவு எனக்கு இன்னும் முக்கியம். இந்த முறை 38 ஆய்வகங்கள், 125 கரு லைன்கள், கூடவே யமனாகா முறையில் செய்த 11 லைன்கள். கேள்வி: நாள்பட்டு வளர்க்கும்போது செல் மாறுகிறதா? மாறுகிறது. பெரும்பாலானவை குரோமோசோம் கெடாமல் இருந்தன, ஆனால் கெட்டவை கண்டபடி கெடவில்லை, 1, 12, 17, 20 என்ற குரோமோசோம்களிலேயே திரும்பத் திரும்பக் கெட்டன. 20-ஆம் குரோமோசோமின் ஒரு சின்னத் துண்டு கூடுதலாகப் பெருகியிருந்தது 20 சதவீதத்துக்கும் மேற்பட்ட லைன்களில். அந்தத் துண்டுக்குள் செல்லைச் சாகவிடாமல் தடுக்கும் ஒரு மரபணு இருக்கிறது. அதாவது, தட்டில் எந்தச் செல் சாகாமல் வேகமாகப் பெருகுகிறதோ அது மற்றவற்றை மூடிவிடுகிறது, நமக்குத் தட்டு பார்க்க நன்றாக இருக்கும், செல் நன்றாக வளர்கிறதே என்று சந்தோஷப்படுவோம். சாக மறுத்து வேகமாகப் பெருகும் செல்லை மனித உடம்பில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை, புற்றுநோயும் அதே குணம்தான். ஓர் ஆய்வகத்தில் ஒரு லைனில் இதைப் பார்த்திருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். உலகின் பல மூலைகளில், ஒருவரையொருவர் பார்க்காத கைகளில், அதே இடத்தில் அதே தப்பு நடந்தால் அது தற்செயல் இல்லை. தனியாக உட்கார்ந்த யாராலும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

இந்த ஒப்பீட்டில் நம் பங்கும் உண்டு. பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் மனீஷா இனாம்தாரின் ஆய்வகம், கருத்தரிப்புச் சிகிச்சைக்குத் தரம் போதாது என்று ஒதுக்கிய கருக்களிலிருந்து இரண்டு லைன்கள் உருவாக்கியது. இது ஏன் பெரிய விஷயம் என்றால், உலகம் அதிகம் பயன்படுத்திய லைன்கள் யாருடைய மரபிலிருந்து வந்தவை என்று 2010 வாக்கில் பார்த்தபோது பெரும்பாலும் ஐரோப்பிய வழி, கொஞ்சம் மத்தியக் கிழக்கு, ஒன்றிரண்டு கிழக்காசியா. ஆப்பிரிக்கா இல்லை. ஒரு மருந்தை இதயச் செல்லில் சோதிக்கிறோம் என்றால் யாருடைய இதயச் செல் என்ற கேள்வி வரும்தானே.

எச்9-ஐ ஞாபகம் வைக்கச் சொன்னேன். பார்க்கின்சன் நோயில் மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிந்துபோகின்றன, அவற்றைச் செய்து உள்ளே வைக்க நான்கு குழுக்கள் போட்டிபோட்டுக்கொண்டிருந்தன: நியூயார்க், கியோட்டோ, கேம்பிரிட்ஜ், ஸ்வீடனின் லுண்ட். 2014-ல் இவர்கள் ஜிஃபோர்ஸ்-பிடி என்று ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொண்டு, எத்தனை செல் வைப்பது, எப்படிச் சோதிப்பது, எதில் தடுக்கி விழுந்தோம் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். லுண்ட்-கேம்பிரிட்ஜ் சோதனையில் செல் லைன் எடின்பரோவில் பிறந்தது, டோபமைன் செல்லாக மாற்றும் முறை லுண்டுடையது, முதல் நோயாளிக்கு 2023 பிப்ரவரியில் ஸ்வீடனில் வைத்தார்கள். நியூயார்க் குழுவின் முறையில் செய்த செல்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 பேருக்கு வைக்கப்பட்டு, கியோட்டோவின் 7 பேர் முடிவோடு சேர்ந்து 2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வந்தது. வைத்த செல்கள் பிழைத்திருந்தன, கட்டி எதுவும் வரவில்லை. அந்த 12 பேரின் மூளையில் இருப்பது எச்9-இன் வாரிசுகள். 1998-க்கு முன்னால் ஏதோ ஒரு கருத்தரிப்பு மையத்தில், தங்கள் குழந்தைக்காக அலைந்துகொண்டிருந்த ஒரு தம்பதி ஒரு படிவத்தில் போட்ட கையெழுத்து இது. அவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது, ஆனால் இதைப் படிக்கும்போதெல்லாம் நான் ஒரு நிமிடம் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

நம் ஊருக்குக் கிட்டத்தில் வருகிறேன். வேலூர் சிஎம்சியில் 1986-லிருந்து எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடக்கிறது. அங்கிருக்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தின் வேலை கருச் செல்லில் இல்லை, நம் ஒவ்வொருவரின் மஜ்ஜையிலும் இருந்துகொண்டு ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்லில். ஹீமோஃபிலியா ஏ நோயாளிக்கு ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 என்ற புரதம் போதிய அளவு இருக்காது, பெரும்பாலும் ஆண்களுக்கு வரும் நோய், எதிலும் இடித்துக்கொள்ளாமலேகூட முழங்கால் மூட்டுக்குள் ரத்தம் கசியும், வீங்கும், வருடங்கள் போகப் போக மூட்டே மடங்காமல் போகும். வெளிநாட்டில் இதற்கு வந்த ஒரு மரபணுச் சிகிச்சைக்கு 2023-ல் அமெரிக்காவில் வைத்த விலை 29 லட்சம் டாலர். அது மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றிக் கல்லீரலுக்குக் கொண்டுபோவது, அந்த வைரஸுக்கு ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களுக்குக் கொடுக்க முடியாதது.

வேலூரில் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு, அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்து கிறிஸ்டோபர் டோரிங், ட்ரென்ட் ஸ்பென்சர் ஆகியோரோடு சேர்ந்து வேறு வழியில் போனது. பன்றியின் ஃபேக்டர் 8 மனிதருடையதைவிடப் பல மடங்கு சுலபமாகச் செல்லிலிருந்து சுரக்கும் என்பது அட்லாண்டாவின் நெடுநாள் ஆராய்ச்சி. அதன் சில பகுதிகளை மனித மரபணுவில் ஒட்டி, நோய் உண்டாக்கும் பாகங்கள் நீக்கிய ஒரு வைரஸுக்குள் வைத்தார்கள். வேலூரில் நோயாளியின் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து, அந்த வைரஸைச் சேர்த்து, அவருக்குக் கீமோ மருந்து கொடுத்து மஜ்ஜையில் இடம் காலிசெய்து, அவருடைய செல்லை அவருக்கே திருப்பி ஏற்றினார்கள். இங்கே செல் ஊரை விட்டு எங்கும் போகவில்லை, கருவிதான் கடல் தாண்டி வந்தது. கீமோ சாதாரண விஷயம் இல்லை, ரத்த அணுக்கள் விழுந்து எழும்வரை வாரக்கணக்கில் தனி அறையில் கிடக்க வேண்டும், மஜ்ஜை மாற்றில் பல வருடம் கைதேர்ந்த ஆஸ்பத்திரியால்தான் அதைத் தாங்கிப்பிடிக்க முடியும். அட்லாண்டாவுக்கு வேலூர் தேவைப்பட்டது இதனால்தான்.

2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் முடிவு வந்தது. ஐந்து பேர். எல்லோரையும் சேர்த்து 81 மாதம் கண்காணித்ததில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. முதல் இருவருக்கு ஃபேக்டர் 8 அளவு, இயல்பு 100 என்றால், 5.2, 1.7 என்று குறைவாகத்தான் வந்தது. வைரஸ் செல்லுக்குள் நுழைவதைச் சுலபமாக்கும் ஒரு துணைப்பொருளைச் சேர்த்த அடுத்த மூவருக்கு 37.1, 19.3, 39.9. ஐந்தே பேர், சராசரியாக ஒன்றரை வருடத்துக்கும் குறைந்த காலம், அதனால் நோய் தீர்ந்தது என்று யாரும் இப்போதே சொல்லக்கூடாது, ஸ்டெம் செல் பெயரைச் சொல்லி ஆட்டிசத்துக்கும் முழங்கால் வலிக்கும் ஊசி போட்டுப் பணம் பிடுங்கும் இடங்கள் நம் ஊரிலேயே இருக்கும்போது இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் மனதில் நிற்பது அந்த 1.7. ஆரோக்கியமானவருக்கு 100 இருக்க வேண்டிய இடத்தில் 1.7 வைத்திருப்பவருக்கும் கண்காணித்த காலம்வரை கசிவு வரவில்லை. ஏன் என்று தெரிய இன்னும் பல பேருக்கு, இன்னும் சில ஊர்களில், அதே அளவுகோலை வைத்துச் செய்து பார்க்க வேண்டும்.